மாடு செத்தபிறகு வரும் செய்தி: திருகோணமலையில் ஒரு மிருக வைத்தியர் தன்னை எப்படி அறியப்படுத்துவது?

2022 டிசம்பர் 9ஆம் திகதி இரவு, மாண்டஸ் புயல் தமிழ்நாட்டின் மாமல்லபுரத்துக்கு அருகே கரையைக் கடந்தது. இலங்கையை அது நேரடியாகத் தாக்கவில்லை. ஆனாலும் அந்த நாட்களில் வடக்கிலும் கிழக்கிலும் நம்மில் பலர் வாழ்நாளில் உணராத குளிர்காற்று வீசியது. கூடவே மழை. விடிந்தபோது பட்டிகளிலும் வெளிகளிலும் மாடுகள் விறைத்துக் கிடந்தன. இரண்டு மாகாணங்களிலும் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் இறந்தன.

அந்த நாட்களில் நம் கைத்தொலைபேசிகளுக்கு வந்தவற்றை நினைத்துப் பாருங்கள். வரிசையாகக் கிடக்கும் மாடுகளின் படங்கள், அழும் பட்டிக்காரர்களின் காணொளிகள். தொற்றுநோயா, காற்றில் நச்சா என்று ஆளுக்கொரு விளக்கம். அதே நாட்களில் நாட்டின் காற்றுத் தரமும் மோசமாகி, 9ஆம் திகதி பாடசாலைகள் மூடப்பட்டிருந்ததால் சந்தேகம் இன்னும் வலுத்தது. வடக்கு, கிழக்கிலிருந்து இறைச்சி கொண்டுசெல்வதற்கு அரசாங்கம் தற்காலிகத் தடை விதித்தது. மாடுகளைக் கொன்றது குளிர் அதிர்ச்சி என்ற விளக்கம் அதன் பிறகே துறை அதிகாரிகளிடமிருந்து வந்தது.

நானும் அந்தப் படங்களில் ஒன்றைப் பகிர்ந்தேன். அது எந்த ஊர், எப்போது எடுத்தது, எடுத்தவர் யார் என்று கேட்கவில்லை. ஊடகக் கற்கை படித்த ஒருத்தி செய்யக்கூடாத வேலை. பிறகு யோசித்தபோது உறுத்தியது இன்னொரு விடயம். செத்த மாட்டின் படம் என் கைக்குப் பத்துத் தடவை வந்தது. குளிர் வரப்போகிறது, கன்றுகளை மறைவுக்குக் கொண்டுவாருங்கள், காய்ந்த வைக்கோல் போடுங்கள் என்று ஒரு மிருக வைத்தியர் சொன்ன ஒரு வரிகூட முதல்நாள் வரவில்லை.

ஒரு மிருக வைத்தியர் சமூக ஊடகத்திலும் உள்ளூர்ச் செய்தியிலும் தன்னை அறியப்படுத்துவது எப்படி என்ற கேள்வியை நான் அங்கிருந்துதான் பார்க்கிறேன். வியாபாரத்தைப் பெருக்கும் வழி என்று மட்டும் இதை எடுத்துக்கொண்டால் பாதி விடயம் விடுபட்டுப்போகும்.

தாமதமாக வரும் அழைப்பு

திருகோணமலை நகரத்தில் இருப்பவருக்கு வைத்தியர் தூரமில்லை. மாவட்டத்தின் தெற்கு மூலையை எடுத்துக்கொள்வோம். மூதூரையும் சேருநுவரவையும் தாண்டி வெருகல் பிரதேசத்தில், கடலும் களப்பும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது இலங்கைத்துறை முகத்துவாரம். மகாவலியின் கிளையான வெருகலாறு ஓடும் பக்கம். மீனும் வயலும் மாடும்தான் இங்குள்ள வாழ்க்கை. 2006இல் போர் மூண்டபோது மூதூர் கிழக்கு, ஈச்சிலம்பற்று மக்கள் பட்டிகளை அவிழ்த்து விட்டுவிட்டு வாகரைப் பக்கம் ஓடினார்கள். திரும்பி வந்தவர்களில் பலர் ஒரு மாடு, இரண்டு மாடு என்று மறுபடி தொடங்கியவர்கள். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு பசு என்பது வங்கிக் கணக்கு, பிள்ளையின் படிப்புச் செலவு, அவசரத்துக்கு விற்கும் நகை எல்லாம்தான்.

ஒரு காலத்தில் திருகோணமலையிலிருந்து இந்தப் பக்கம் வருவதென்றால் பாதைகளில், அதாவது மிதவைப் படகுகளில், ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்க வேண்டும். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் மற்றப் பாலங்களும் வந்தன. வீதி சீரானது. ஆனால் வீதி போட்டால் மட்டும் வைத்தியரை யாருக்கும் தெரிந்துவிடாது.

நடப்பது பெரும்பாலும் இப்படித்தான். மாடு முதல்நாள் தீனி எடுக்காமல் நிற்கிறது. நாளைக்குச் சரியாகிவிடும் என்று விடுகிறோம். இரண்டாம்நாள் பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன கைமருந்து. மூன்றாம்நாள் கடையில் கேட்டு வாங்கிய ஒரு ஊசி மருந்து. நான்காம்நாள் மாடு படுத்துவிடுகிறது. அப்போதுதான் வைத்தியரின் இலக்கத்தைத் தேடுகிறோம். அவர் வருகிறார், ஊசி போடுகிறார், மாடு சாகிறது. ஊரில் மிஞ்சும் கதை என்ன? “டொக்டர் வந்து ஊசி போட்டார், மாடு செத்துப்போச்சு.” அடுத்த வீட்டுக்காரர் அடுத்த முறை இன்னும் தாமதமாகவே கூப்பிடுவார், அல்லது கூப்பிடவே மாட்டார்.

இந்த வட்டத்தை உடைப்பதுதான் ஒரு கிராமப்புற மிருக வைத்தியரின் உண்மையான விளம்பரம். முதல்நாளே கூப்பிட்டால் பிழைக்கும் மாடுகள் கூடும். பிழைத்த மாடு தன் வைத்தியரைப் பற்றி ஊருக்குச் சொல்லும். அதற்கு மேல் ஒரு விளம்பரம் தேவையில்லை. ஆகவே சமூக ஊடகத்தில் போடும் ஒவ்வொரு பதிவிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதைப் பார்த்த ஒருவர் ஒருநாள் முந்திக் கூப்பிடுவாரா?

விளம்பரம் செய்யலாமா?

வைத்தியத் தொழில் தன்னை விற்பதில் எப்போதும் ஒரு கூச்சம் இருந்திருக்கிறது. அந்தக் கூச்சத்துக்குக் காரணமும் உண்டு. நோயாளியால் சிகிச்சையின் தரத்தை அளக்க முடியாது. மிருகத்தால் பேசவே முடியாது. இந்த நிலையில் “நானே சிறந்தவன்” என்ற சத்தம் எளிதாக ஏமாற்றாகிவிடும். இந்திய மிருக வைத்தியச் சபையின் 1992ஆம் ஆண்டு நடத்தை விதிகள், விளம்பரத்தின் மூலம் ஆள்பிடிப்பதைத் தொழில் ஒழுக்கத்துக்கு மாறானது என்றே பார்க்கின்றன. அமெரிக்காவிலோ, 1977இல் சட்டத்தரணிகள் விளம்பரம் செய்யலாம் என்று உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு மற்றத் தொழில்களிலும் அந்தக் கதவு மெல்லத் திறந்தது.

இலங்கையில் மிருக வைத்தியர்கள் 1956ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்படுகிறார்கள். அதை மேற்பார்ப்பது இலங்கை மிருக வைத்தியச் சபை. முகநூல் பக்கம் தொடங்குவதற்கு முன் ஒரு வைத்தியர் சபையின் ஒழுக்க விதிகளை ஒருமுறை வாசித்துவிடுவது நல்லது. பொது அறிவாகச் சில எல்லைகளைச் சொல்லலாம். பெயர், தகைமை, பதிவு, நேரம், இடம், கிடைக்கும் சேவைகள் ஆகியவற்றைச் சொல்வது தகவல். “நூறு வீதம் குணமாகும்”, “மாவட்டத்திலேயே முதலிடம்” என்பதெல்லாம் விற்பனை. மற்ற வைத்தியரைக் குறைத்துப் பேசுவதும், ஒரு மருந்துக் கம்பனியின் பொருளைத் தூக்கிப்பிடிப்பதும் அந்த வரிசையில் சேரும்.

ஒரு விடயத்தில் மட்டும் வெட்கப்படத் தேவையில்லை: கட்டணம். மாடு வைத்திருக்கும் பலர் வைத்தியரைக் கூப்பிடத் தயங்குவது எவ்வளவு கேட்பாரோ என்ற பயத்தில்தான். பார்வைக் கட்டணம் எவ்வளவு, தூர இடத்துக்கு வருவதென்றால் போக்குவரத்துச் செலவு எப்படிக் கணக்கிடப்படும், அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் எந்தத் தடுப்பூசி இலவசமாகக் கிடைக்கும் என்று தெளிவாக எழுதிவைத்தால் அந்தப் பயம் பாதி போய்விடும். “இதற்கு நீங்கள் என்னிடம் வரத் தேவையில்லை, அரச அலுவலகத்தில் இலவசம்” என்று ஒரு தனியார் வைத்தியர் எழுதினால், அவருக்குக் கிடைக்கும் நம்பிக்கையை எந்தக் கட்டண விளம்பரத்தாலும் வாங்க முடியாது.

எந்த வழி யாருக்கு?

எல்லா ஊடகமும் எல்லோருக்கும் அல்ல. நகரத்தில் நாய், பூனை வளர்ப்பவர்கள் முகநூலிலும் இன்ஸ்டகிராமிலும் இருக்கிறார்கள். இரவு பத்து மணிக்கு நாய் வாந்தி எடுக்கும்போது அவர்கள் தேடுவது கூகுளில். அதனால் கூகுள் வரைபடத்தில் சிகிச்சை நிலையம் சரியான இடத்தில், சரியான இலக்கத்துடன், சரியான நேரத்துடன் இருப்பதே முதல் வேலை. பத்து நிமிட வேலைதான். ஆனால் பலர் செய்யாமல் விடுவதும் இதைத்தான். பூட்டிய கதவின் முன் நோயாளி நாயுடன் நின்ற ஒருவர் திரும்ப வரமாட்டார்.

பட்டிக்காரருக்கு வட்ஸ்அப் போதும். அதிலும் குரல்பதிவு. நீண்ட எழுத்தை வெயிலில் நின்று வாசிக்க யாருக்கும் நேரமில்லை. ஒரு நிமிடத்துக்குள் முடியும் குரல், வழக்கமான பேச்சில், ஒரே ஒரு விடயம். அதை அவர் அடுத்த பட்டிக்காரருக்கு அனுப்புவார். குழுமத்தில் எல்லோரும் எழுதத் தொடங்கினால் காலை வணக்கப் பூக்களுக்கும் அரசியலுக்கும் நடுவே வைத்தியரின் குரல் காணாமல் போய்விடும். வைத்தியர் மட்டும் அனுப்பக்கூடிய அறிவிப்புக் குழுமமாக வைத்துக்கொள்வது நல்லது. கேள்வி இருந்தால் தனியாக அழைக்கட்டும்.

மொழி அடுத்த விடயம். திருகோணமலை மூன்று சமூகங்களின் மாவட்டம். மாட்டுக்கு வரும் நோய் தமிழ் ஊர், முஸ்லிம் ஊர், சிங்கள ஊர் என்று பார்ப்பதில்லை. ஒரே ஆற்றில் எல்லா மாடும் தண்ணீர் குடிக்கிறது. நாட்டில் மிருக வைத்தியப் பீடம் இருப்பது பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மட்டும்தான், படிப்பு ஆங்கிலத்தில். அங்கே கற்ற சொற்களோடு நேரே வெருகலுக்கு வந்தால் பேச்சு ஒட்டாது. நோயின் பாடநூற் பெயரைச் சொல்வதைவிட “வாயில் கொப்பளம், குளம்பில் புண், வாயால் நுரை வடியும்” என்று சொன்னால் எல்லோருக்கும் விளங்கும். அதே பதிவு சிங்களத்திலும் இருக்க வேண்டும். மொழிபெயர்ப்பு இயந்திரத்தை நம்பாமல், மாடு வளர்க்கும் ஒருவரிடம் வாசித்துக்காட்டிவிட்டுப் போடுவது பாதுகாப்பு.

பழைய வழிகளையும் விட்டுவிட முடியாது. பள்ளிவாசல் ஒலிபெருக்கி, கோயில் திருவிழா, பாற்சேகரிப்பு நிலையத்தின் சுவர், கிராம உத்தியோகத்தரின் அறிவிப்புப் பலகை, வானொலி எல்லாம் இன்னும் வேலை செய்கின்றன. 1990களின் இறுதியில் கொத்மலைச் சமூக வானொலியில் யுனெஸ்கோவின் உதவியோடு ஒரு முயற்சி நடந்தது. நேயர்கள் கேள்வி அனுப்புவார்கள். வானொலிக்காரர்கள் இணையத்தில் தேடி, தெரிந்தவர்களிடம் கேட்டு, நேயர்களின் மொழியில் ஒலிபரப்புவார்கள். கணினியே பார்த்திராத கிராமத்துக்கு இணையம் காதுவழியாகப் போனது. இன்று கருவி எல்லோர் கையிலும் இருக்கிறது. நடுவில் நின்று சரிபார்த்துச் சொல்லும் ஆள்தான் குறைவு. மிருகங்களைப் பொறுத்தவரை அந்த ஆள் உள்ளூர் வைத்தியராக இருக்கலாம்.

எப்போது எதைச் சொல்வது?

பதிவு போட விடயம் இல்லை என்று சொல்பவர்கள் நாட்காட்டியைப் பார்த்தால் போதும். கிழக்கின் ஆண்டு அதன் மழையோடு ஓடுகிறது.

ஓகஸ்ட், செப்டெம்பர் வறட்சியில் குளங்கள் வற்றும். சேற்றில் சிக்கும் மாடுகள், பிளாஸ்டிக் தின்னும் மாடுகள், தீனியில்லாமல் மெலியும் மாடுகள். மெலிந்த மாடுதான் டிசம்பர் குளிரில் முதலில் விழும் என்று சொல்ல வேண்டிய நேரம் இதுதான். மழை தொடங்குவதற்கு முன் எருமைகளுக்கும் மாடுகளுக்கும் தொண்டையடைப்பான் தடுப்பூசி. தொண்டை வீங்கி, மூச்சு முட்டி, சில மணித்தியாலங்களிலேயே மிருகத்தைக் கொல்லக்கூடிய நோய் அது; வந்தபிறகு காப்பாற்றுவது கடினம். மூதூர், கிண்ணியாப் பக்கத்துச் சட்டித் தயிருக்குப் பால் தருவது எருமைகள் என்பதால், ஊசியின் படத்தைவிடத் தயிர்ச் சட்டியின் படத்தோடு இந்தச் செய்தியைப் போட்டால் பலர் நின்று வாசிப்பார்கள்.

ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழையும் வெள்ளமும். வயல் விதைத்துவிட்டதால் மாடுகள் காட்டோரத்துக்கும் மேட்டுக்கும் போய்விடும் காலம். குளிர் எச்சரிக்கை வந்தால் சொல்ல வேண்டியவை நான்கு: கன்றையும் சினைப்பசுவையும் முதலில் மறைவுக்குக் கொண்டுவாருங்கள், காற்று வரும் பக்கத்தை ஓலையாலோ தறப்பாளாலோ மறையுங்கள், நனைந்த உடம்பைச் சாக்கால் துடையுங்கள், காய்ந்த வைக்கோல் போடுங்கள். வைக்கோல் ஏன் என்பதையும் சொல்ல வேண்டும். நார்த்தீனி வயிற்றில் நொதிக்கும்போது வெப்பம் உண்டாகிறது. அதுவே மாட்டுக்கு உள்ளிருக்கும் அடுப்பு. காரணம் விளங்கினால் மக்கள் செய்வார்கள்.

தைப்பொங்கலுக்கு மறுநாள் பட்டிப் பொங்கல். மாட்டைக் குளிப்பாட்டிப் பொட்டு வைக்கும் அந்த நாளில், கொம்பிலிருந்து குளம்புவரை எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று ஒரு சிறு காணொளி. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்னே குர்பானிக்கான மிருகங்களை வாங்கும்போது கவனிக்க வேண்டியவை, அவற்றைக் கொண்டுசெல்லத் தேவையான அனுமதிகள். செப்டெம்பர் 28 உலக விசர்நாய்க்கடி நோய் நாள்.

நகரத்துக்கு வேறு விடயங்கள் உண்டு. கோட்டைப் பக்கமும் கடற்கரையிலும் திரியும் புள்ளிமான்களுக்குப் பாணும் பொலித்தீனோடு மிச்சச் சாப்பாடும் போடாதீர்கள் என்று ஒரு பதிவு. காய்ச்சல் என்று பூனைக்குப் பனடோல் கொடுக்காதீர்கள் என்று ஒரு பதிவு. நமக்குச் சாதாரணமான பரசிட்டமோல் பூனைக்கு நஞ்சு. ஒரு குளிசையே அதைக் கொல்லப் போதும். இந்த ஒரு வரி எத்தனையோ பூனைகளைக் காப்பாற்றும், சொன்னவரின் பெயரும் நினைவில் நிற்கும்.

ஒரு வரி, ஒரு மனித உயிர்

விசர்நாய்க்கடி விடயத்தில் மிருக வைத்தியரின் பதிவு மனித உயிரையே காக்கும். 1973இல் இலங்கையில் 377 பேர் இந்த நோயால் இறந்தார்கள். நாய்களுக்குத் தடுப்பூசி போட்டதாலும், கடிபட்டவர்களுக்கு அரச வைத்தியசாலைகளில் இலவசமாக மருந்து கிடைப்பதாலும் இன்று அது ஆண்டொன்றுக்கு இருபது, முப்பது என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. ஆனால் அறிகுறி தெரியத் தொடங்கிவிட்டால் இன்றைக்கும் காப்பாற்ற வழியில்லை என்றே சொல்ல வேண்டும். ஆகவே அந்த இருபது, முப்பது பேரும் முன்னரே தடுத்திருக்கக்கூடிய மரணங்கள்.

சொல்ல வேண்டியது சிறியது. நாயோ பூனையோ கடித்தால், பிறாண்டினால், புண்ணில் நக்கினால், சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். குட்டி நாய்தானே, வீட்டு நாய்தானே என்று விடாதீர்கள். மாட்டுக்கும் விசர் வரும். தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று வெறுங்கையை வாய்க்குள் விடாதீர்கள். கடைசி வரி பட்டிக்காரர்களுக்கு மிக முக்கியம். எச்சில் வடித்து விழுங்க முடியாமல் நிற்கும் மாட்டைப் பார்த்தால் எல்லோரும் முதலில் செய்வது அதைத்தான்.

இந்தப் பதிவால் வைத்தியருக்கு அன்று ஒரு சதமும் வராது. ஆனால் ஊர் ஒரு வைத்தியரை நம்பத் தொடங்குவது இப்படிப்பட்ட பதிவுகளில்தான்.

தஞ்சாவூரிலிருந்து ஒரு பாடம்

தமிழில் ஒரு மிருக வைத்தியரின் செய்தி ஊடகம் வழியாகப் பரவியதற்கு நல்ல உதாரணம் தமிழ்நாட்டில் இருக்கிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தஞ்சாவூர் மையத்தில் பணியாற்றிய பேராசிரியர் ந. புண்ணியமூர்த்தி, மரபு மூலிகை வைத்தியத்தை ஆய்வு செய்து எளிய செய்முறைகளாக்கினார். மடிநோய்க்கு அவர் சொன்னது 250 கிராம் சோற்றுக்கற்றாழை, 50 கிராம் மஞ்சள்தூள், 15 கிராம் சுண்ணாம்பு. அரைத்துக் கரைத்து மடியில் பூசுவது. பசுமை விகடன் போன்ற விவசாய இதழ்களும், தொலைக்காட்சியும், பிறகு யூரியூப் காணொளிகளும் இதைக் கிராமம் கிராமமாகக் கொண்டுசென்றன. இந்தியத் தேசிய பால்வள அபிவிருத்திச் சபையும் இந்த முறையைப் பரப்பியது.

மருந்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, செய்தி ஏன் பரவியது என்று பார்ப்போம். பொருள்கள் வீட்டிலேயே இருக்கின்றன. அளவு திட்டவட்டமாக இருக்கிறது. எந்த நோய்க்கு என்பது தெளிவாக இருக்கிறது. சொன்னவருக்குப் பெயரும் பதவியும் முகமும் இருக்கின்றன; பிழை என்றால் யாரைக் கேட்பது என்று தெரியும். வட்ஸ்அப்பில் ஊர்பேர் இல்லாமல் சுற்றும் கைமருந்துகளுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுதான். நம்மூர் வைத்தியரும் தன் ஒவ்வொரு குரல்பதிவையும் பெயர், இடம், திகதி சொல்லித் தொடங்க வேண்டும். திகதி இல்லாத எச்சரிக்கை மூன்று ஆண்டு கழித்தும் சுற்றிக்கொண்டிருக்கும்.

செய்தியாளரிடம் எப்படிப் போவது?

உள்ளூர்ச் செய்தியாளர்களில் பலர் மாதச் சம்பளம் இல்லாமல், செய்திக்கு இவ்வளவு என்ற கணக்கில் வேலை செய்பவர்கள். நானும் அப்படித்தான். “எங்கள் சிகிச்சை நிலையம் கோலாகலமாகத் திறந்துவைக்கப்பட்டது” என்ற படத்தோடு வரும் அறிக்கைக்கு ஆசிரியர் இடம் தரமாட்டார். தந்தாலும் யாரும் வாசிக்கமாட்டார்கள். “இந்த வாரம் இந்தப் பகுதியில் கன்றுகளுக்கு வயிற்றோட்டம் அதிகம், காரணம் இது, செய்ய வேண்டியது இது” என்றால் அது செய்தி. என்ன, எங்கே, எத்தனை, என்ன செய்வது, யார் உறுதிப்படுத்துவது என்ற ஐந்துக்கும் பதில் இருந்தால் செய்தியாளர் அந்த வைத்தியரின் இலக்கத்தைச் சேமித்து வைப்பார். அடுத்த முறை வதந்தி வரும்போது அவரையே அழைப்பார். அந்த ஒரு தொலைபேசி அழைப்புத்தான் வைத்தியர் தேட வேண்டிய பலன்.

ஆனால் ஒரு ஒழுங்கு முக்கியம். தொற்றுநோய் என்று சந்தேகம் வந்தால் முதலில் போக வேண்டிய இடம் அரச கால்நடை வைத்திய அலுவலகம். முகநூல் அதற்குப் பிறகுதான். 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க மிருக நோய்கள் சட்டம் இதற்காகத்தான் இருக்கிறது. உறுதியாவதற்கு முன் ஊரின் பெயரோடு ஒரு பதிவு போனால் அந்த ஊரின் பால் அடுத்தநாள் விற்காது. 2020இல் வடமாகாணத்தில் மாடுகளின் தோலில் கட்டி கட்டியாக எழும்பும் ‘லம்பி ஸ்கின்’ நோய் முதன்முறையாகக் கண்டறியப்பட்டபோதும், 2024இல் ஆபிரிக்கப் பன்றிக்காய்ச்சல் வந்தபோதும் மக்கள் கேட்ட முதற்கேள்வி ஒன்றுதான்: எங்களுக்குத் தொற்றுமா? இரண்டுமே மனிதருக்குத் தொற்றாது. அந்தப் பதிலை முதல்நாளே, உள்ளூரில் முகம் தெரிந்த ஒருவர் சொன்னால் பயம் அடங்கும், ஏழைப் பட்டிக்காரரின் நட்டமும் குறையும்.

செய்யக்கூடாதவை

படம் அனுப்பினால் மருந்து சொல்லும் பழக்கம் ஆபத்து. படத்தில் வீக்கம் தெரியும், காய்ச்சல் தெரியாது. பின்னூட்டத்தில் ஒருவரின் மாட்டுக்குச் சொன்ன மருந்தின் அளவை இன்னும் ஐம்பது பேர் தங்கள் மாட்டுக்குப் போடுவார்கள். நோய்க்கொல்லி ஊசி போட்ட மாட்டின் பாலைச் சில நாட்கள் விற்கக்கூடாது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள். “இதைப் பார்க்காமல் சொல்ல முடியாது, அழையுங்கள்” என்பதே நேர்மையான பதில்.

சத்திரசிகிச்சைப் படங்களும் அப்படித்தான். இரத்தம் நிறையப் பார்வைகளைக் கொண்டுவரும், ஆட்களைக் கொண்டுவராது. மிருகத்தின் படம் என்றாலும் பின்னணியில் ஒரு குடும்பத்தின் வீடும் வறுமையும் தெரிகின்றன. உரிமையாளரிடம் கேட்காமல் போடக்கூடாது. தொலைபேசி இலக்கங்களையும் நோய் விபரங்களையும் மருந்துக் கம்பனிக்கோ வேறு யாருக்கோ கொடுப்பதும் தவறு. 2022ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டிலும் வந்துவிட்டது.

கடைசியாக, இருபத்துநான்கு மணி நேரமும் பதில் சொல்வேன் என்று வாக்குக் கொடுக்கக்கூடாது. ஒரு ஆள் நடத்தும் நிலையத்தால் அது முடியாது. எந்த நேரம் பதில் வரும், இரவில் எது அவசரம், எது காலைவரை பொறுக்கும் என்று முதலிலேயே எழுதிவிட்டால் மனக்கசப்புக் குறையும். கன்று பாதி வெளியே வந்து சிக்கிநிற்பது அவசரம். உண்ணி பிடித்திருப்பது காலைவரை பொறுக்கும்.

எதை எண்ணுவது?

விருப்பக்குறிகளை எண்ணி மகிழ்வது எளிது. கொழும்பிலும் கனடாவிலும் இருந்து வரும் இதயக்குறிகள் இலங்கைத்துறையில் ஒரு மாட்டையும் காப்பாற்றாது. ஒரு கொப்பி போதும். வரும் ஒவ்வொருவரிடமும் இரண்டு கேள்வி: எங்களை எப்படித் தெரியும்? மிருகத்துக்குச் சுகமில்லாமல் எத்தனை நாள்? ஆறு மாதம் கழித்து அந்த இரண்டாவது பதில் நான்கு நாளிலிருந்து இரண்டு நாளாக இறங்கியிருந்தால் பதிவுகள் வேலை செய்கின்றன. இறங்கவில்லை என்றால், எத்தனை ஆயிரம் பேர் பின்தொடர்ந்தாலும் பேச்சை மாற்ற வேண்டும்.

2022இன் குளிர் ஒருமுறை வந்துபோன விபத்து என்று சொல்ல முடியாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கிழக்குக் கரைவழியாகவே நாட்டுக்குள் நுழைந்தது. மாவிலாற்று அணைக்கட்டு உடைந்து மூதூர், வெருகல் பக்கத்துத் தாழ்நிலங்கள் மூழ்கின. இனிவரும் மாரிகளிலும் இப்படி நடக்கும். காற்றையும் வெள்ளத்தையும் ஒரு மிருக வைத்தியரால் நிறுத்த முடியாது. ஆனால் அது வருவதற்கு முதல்நாள் மாலை, முகத்துவாரத்துப் பட்டிக்காரர் ஒருவரின் தொலைபேசியில் அவருக்குத் தெரிந்த குரல் ஒன்று, “அண்ணன், கன்றுகளை மேட்டுக்கு ஏத்துங்க, கயிற்றை அவிழ்த்து விடுங்க” என்று சொல்லலாம். அந்தக் குரலை அவர் நம்ப வேண்டுமென்றால், அதை அவர் மழையில்லாத நாட்களிலும் கேட்டிருக்க வேண்டும்.